டர்போ செய்த குற்றம் என்ன?

1960-களில் வந்து, நம் ரயில்களைப் பல வருஷம் இழுத்த டீசல் இன்ஜின் டபிள்யூ.டி.எம்.-2. 16 சிலிண்டர், 2,600 குதிரைசக்தி. அதில் கணிசமான பகுதி டர்போசார்ஜர் உபயம். இன்ஜின் கக்கும் புகையின் வேகத்திலேயே நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழன்று, சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கிற சக்கரம் அது. அதன் அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்.

உடைந்தால் உடனே தீர்ப்பு: 'டர்போ போச்சு சார், மாத்திடுங்க!'

ஏன் போச்சு? ஃபில்டர் அடைத்து எண்ணெய் வராமல் போயிருக்கலாம். சிலிண்டரில் உடைந்த வால்வுத் துண்டு புகையோடு பறந்து வந்து தகடுகளை நொறுக்கியிருக்கலாம். அதைக் கேட்காமல் புதுசு மாட்டினால் அதுவும் போகும். டர்போ பல நேரம் குற்றவாளி இல்லை, பலிகடா.

ஃபில்டரில் மிச்சம் பிடித்து டர்போவில் கோட்டை விடுவதற்குப் பெயர் சிக்கனமாம். நான் படித்த பி.காமில் அதை நஷ்டம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.