ஆரஞ்சு வெளிச்சம்

போன வாரம் பேரன் லீவுக்கு வந்திருந்தான். டீப்பாய் மேல் நிறுத்தி வைத்திருந்த என் ஹாம் ரேடியோ செட்டின் முகப்பு திடீரென்று நீலமாக எரிந்ததைப் பார்த்தான். நான் எடுத்துப் பேசியதும் அது ஊதாவாக மாறியது. "என்ன தாத்தா, இந்த வயசுல டிஸ்கோ லைட்டா?" என்றான். அவன் சின்னப் பையன், போகட்டும். ஹாம் நண்பர்களிலேயே சிலர், "லைட்டை ஆஃப் பண்ணி வையுங்க ஓ.எம்., பாட்டரி மிச்சம்" என்று புத்தி சொல்கிறார்கள். (ஓ.எம். என்றால் ஓல்ட் மேன். எங்கள் கூட்டத்தில் இருபது வயதுப் பையனையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.) நான் அந்தக் கட்சி இல்லை. அறுபது தாண்டியவர் கையில் இப்படி ஒரு செட் இருந்தால் முதல் வேலையாக அதன் வெளிச்சத்தின் நிறத்தைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பேன்.

என்னிடம் இருப்பது பாவ்ஃபெங் யு.வி.-5ஆர் என்ற கையடக்க செட். போலீஸ்காரர் கையில் இருக்கும் வாக்கிடாக்கி மாதிரிதான் இருக்கும். நாலைந்து வாட் சக்தி, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் பேசும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலை கண்பார்வை மாதிரி நேராகப் போவது. நடுவே மலை மறைக்காவிட்டால் எவ்வளவோ தூரம் போகும். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் பழனி மலை தெரிகிறதல்லவா, கண்ணுக்குத் தெரிந்தால் ரேடியோவுக்கும் தெரிந்த மாதிரிதான். செண்பகனூரில் என் வீட்டு வராந்தாவிலிருந்து கீழே வத்தலகுண்டில் இருக்கும் நண்பரோடு ராத்திரி எட்டரைக்குப் பேசுவது பல வருடப் பழக்கம். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் வாங்கிவிடாதீர்கள். மத்திய அரசின் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால்தான் வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட எழுதலாம், நாம் எழுத முடியாதா?

இந்த செட்டின் முகப்பு விளக்குக்கு நீலம், ஆரஞ்சு, ஊதா என்று மூன்று நிறம் உண்டு. சும்மா இருக்கும்போது ஒன்று, எதிராளி பேசும்போது ஒன்று, நாம் பேசும்போது ஒன்று எனத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் நான் மூன்றையும் நீலமாகவே வைத்திருந்தேன். அழகாக இருக்கிறதே என்று.

அந்த அழகுக்கு 2018 நவம்பர் 16-ம் தேதி விலை கொடுத்தேன். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, உள்ளே வந்து, எங்கள் மலையையும் ஆட்டிவிட்டுப் போனதே, அன்றைக்கு. கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடெங்கும் மரம். இருட்டில் உட்கார்ந்து அந்த நீல முகப்பையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போனால் கண் முன்னால் நீலக் கட்டம் மட்டும் மிதக்கிறது, படி தெரியவில்லை. விழுந்தேன். மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. நண்பர் அன்று ராத்திரி பல தடவை கூப்பிட்டிருக்கிறார். காற்றுச் சத்தத்தில் என் அரைக் காதுக்கு எதுவும் விழவில்லை. செட் ஒவ்வொரு முறையும் எரிந்துதான் இருக்கும். ஆனால் நான் பட்டனைத் தொட்டாலும் நீலம், அவர் கூப்பிட்டாலும் நீலம். எனக்கு எப்படித் தெரியும்? என்ன ஆனேனோ என்று மனுஷன் விடிய விடியத் தூங்கவில்லை. பிறகு பேசியபோது அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அதன் பிறகுதான் புத்தி வந்தது. மெனு பட்டன், 29, மறுபடி மெனு, அம்புக்குறியால் ஆரஞ்சு, மெனு, எக்ஸிட். இது சும்மா இருக்கும்போது எரிவதற்கு. 30-ல் எதிராளி பேசும்போது நீலம், 31-ல் நான் பேசும்போது ஊதா. இரண்டு நிமிட வேலை.

ஆரஞ்சு ஏன் என்றால், இருட்டுக்குப் பழகிய கண்ணை நீலம் கெடுக்கிற அளவுக்குச் சிவப்புப் பக்கத்து நிறங்கள் கெடுப்பதில்லை. கெட்ட கண் மறுபடி முழுசாகப் பழக அரைமணி நேரம்கூட ஆகும். வானத்தை டெலஸ்கோப்பில் பார்ப்பவர்கள் சிவப்பு டார்ச் வைத்திருப்பது அதனால்தான். வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி மங்குகிறது, வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. எனக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. அந்தக் கண்ணால் பார்த்தால் நீலம் பளிச்சென்று சுடுகிறது, மற்றக் கண்ணுக்கு அதே நீலம் அழுக்குச் சாம்பல். இரண்டு கண்ணும் ஒத்துப்போகிற நிறம் எனக்கு ஆரஞ்சுதான்.

எதிராளிக்கு நீலம் வைத்தது கண்ணில் குத்தட்டும் என்றேதான். செட்டின் தலையிலும் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும், ஆனால் குண்டூசித் தலை அளவு. கண்ணாடி போடாமல் அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க என்னால் ஆகாது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டு பார்த்தவன். யாராவது ரிசீவரை எடுத்தால் அந்த நம்பருக்கு நேராக விளக்கு எரியும், பேசி முடித்து வைத்தால் இன்னொன்று எரியும். அத்தனை இரைச்சலில் காதை நம்பி யாரும் அந்த வேலை பார்த்ததில்லை. பழைய வால்வ் ரேடியோவில் பச்சையாக ஒரு மாயக்கண் இருக்குமே, ஸ்டேஷன் சரியாகச் சிக்கியதும் அகலும், அதுவும் இதே சங்கதிதான். அதை யாரும் டிஸ்கோ லைட் என்று கேலி செய்ததில்லை.

ஊதாவைப் பற்றி ஒரு வார்த்தை. பேசும் பட்டன் தெரியாமல் அமுங்கிக் கிடந்தால் நம் வீட்டுச் சத்தமெல்லாம் ஊருக்குப் போகும், மற்றவர் யாரும் பேசவும் முடியாது. ஒருநாள் தலையணைக்கு அடியில் செட் அமுங்கி, சட்னியில் உப்பு இல்லை என்று நானும் வீட்டுக்காரியும் போட்ட சண்டை மலை முழுக்க ஒலிபரப்பானது. அப்போது ஊதா எரிந்துகொண்டுதான் இருந்தது, தலையணைக்கு அடியில்! இப்போது செட்டை எப்போதும் டீப்பாய் மேல், முகப்பு என்னைப் பார்க்க நிறுத்தி வைக்கிறேன்.

பாட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், வாஸ்தவம். சார்ஜ் போட்டால் போகிறது.

பேரனிடம் இவ்வளவும் சொன்னேன். பாதி கேட்டான். நேற்று ராத்திரி நான் ஈசிசேரில் அசந்துவிட்டேன், டி.வி. வேறு அலறிக்கொண்டிருந்தது. அவன் தோளைத் தட்டி, "தாத்தா, நீலம்" என்றான். வத்தலகுண்டில் நல்ல மழையாம்.