தந்தையாரும் காற்பந்தும்

"பிழைக்க வந்த ஊர் எப்போது சொந்த ஊர் ஆகும்?" என்று சென்ற சங்கக் கூட்டத்தில் அன்பர் ஒருவர் வினவினார். ரேஷன் அட்டை கிடைத்தால் என்றார் ஒருவர். வீடு வாங்கினால் என்றார் மற்றொருவர். நாம் வாய் திறக்கவில்லை. காலஞ்சென்ற எமது தந்தையார் அங்கு இருந்திருந்தால், "அவ்வூர்ப் பந்தாட்டத்தில் உன் கட்சி தோற்று, அன்றிரவு உனக்குச் சோறு இறங்காமற் போனால் ஆகும்" என்றிருப்பார்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1974-ஆம் ஆண்டில் ரயில்வே உத்தியோகம் பெற்றுக் கல்கத்தா வந்தவர் அவர். ஆபீசில் அவரிடம் கேட்கப்பட்ட முதற்கேள்வி, "நீர் எந்தக் கட்சி?" என்பதாம். அரசியல் கட்சியன்று. 1889-இல் தோன்றிய மோகன் பகானா, 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலா என்பதே கேள்வி. மேற்கு வங்காளத்துப் பூர்விகக் குடும்பங்கள் முன்னதையும், கிழக்கு வங்காளத்தை விட்டு வந்த குடும்பங்கள் பின்னதையும் தமதாகக் கொண்டிருந்தன. "ஊரை விட்டு வந்தவர்களின் கழகம் அது, நானும் ஊரை விட்டு வந்தவன்தானே" என்று தந்தையார் ஈஸ்ட் பெங்காலைத் தேர்ந்துகொண்டார்.

நாமோ இங்கேயே பிறந்தோம். 1911-இல் மோகன் பகான் வீரர்கள், ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய கதையைப் பள்ளித் தோழர்கள் நமக்கு ஊட்டிவிட்டனர். ஆகவே நாம் மோகன் பகான். "வீட்டுக்கு ஓர் எதிர்க்கட்சி வேண்டியதுதான்" என்று தந்தையார் நகைத்தார்.

அவர் அதிகம் பேசுபவர் அல்லர். நம் மதிப்பெண் அட்டையில் கூட ஒரு சொல்லும் சொல்லாமல் கையெழுத்திடுவார். பந்தாட்டம் ஒன்றே அவருக்கும் நமக்கும் இடையே பேச்சுக்கு வழி வைத்தது. பி. கே. பானர்ஜியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் மட்டும் நிறுத்தமாட்டார். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், பெருங்கழகங்களுக்குப் போகாமல் ஈஸ்டர்ன் ரயில்வேக்கே ஆடி, 1958-இல் அவ்வணி கல்கத்தா லீகை வெல்லத் துணைநின்றவர் என்பார். "நம்ம ரயில்வேக்காரர்!" என்று முடிப்பார்.

1997-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஸால்ட் லேக் மைதானத்தில் பெடரேஷன் கோப்பை அரையிறுதி ஆட்டம். நமக்கு வயது பத்து. ஏறத்தாழ 1,31,000 மக்கள் திரண்ட அக்கூட்டத்தில் தந்தையார் எம் கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருந்தார். 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்கள் ஆடியபோது 16 ரசிகர்கள் மாண்டனர். அன்று அவரும் அங்கிருந்தார் என்பதை வெகுகாலம் கழித்து அன்னையார் சொல்லியே அறிந்தோம்.

பி. கே. பானர்ஜி பயிற்றுவித்த ஈஸ்ட் பெங்கால் அன்று 4-1 என்று வென்றது. பாய்ச்சுங் பூட்டியா மட்டும் மூன்று கோல்கள் அடித்தார். நாம் வழிநெடுக அழுதோம்.

ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்பது கல்கத்தாவின் வழக்கம். மீன்காரர் தந்தையாரைக் கண்டதும் மகிழ்ந்து இலிஷைத் தூக்கிக் காட்டினார். தந்தையார் எம்மைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இறால் கொடுங்கள்" என்றார். வீட்டில் அன்னையார் இறாலைப் பார்த்துவிட்டு, "பகானா ஜெயித்தது?" என்று கேட்டார். "பிள்ளை பசியோடு இருக்கிறான், முதலில் சமை" என்பதே மறுமொழி.

அன்று நாம் வயிறார உண்டோமேயன்றி, அதன் பொருளை உணரவில்லை. பின்னாளில் பகான் வென்ற போதெல்லாம் இறால் பையை அவர்முன் ஆட்டிக் காட்டிக் கேலி செய்தோம். அவர் சிரித்துக்கொண்டே உண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒருநாளும் அவரிடம் நன்றியாக ஒரு வார்த்தை சொன்னோமில்லை.

2023 மார்ச்சில் அவர் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி டூரண்டு கோப்பை இறுதியாட்டத்தில் மோகன் பகான் 1-0 என்று ஈஸ்ட் பெங்காலை வென்றது. கடைத்தெருவுக்குச் சென்று இலிஷ் வாங்கி வந்தோம். "அப்பா, நம்ம கட்சிதானே ஜெயித்தது?" என்று மகன் திகைத்தான். அவனை அருகில் அமர்த்தி இக்கதையைச் சொன்னோம்.

அடுத்த ஜனவரி 28 அன்று ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையை வென்றது. பழக்கத்தினால், "அப்பா, உங்கள் கட்சி!" என்று சொல்லிக்கொண்டே திண்ணைப் பக்கம் திரும்பினோம். நாற்காலி காலியாக இருந்தது.

அன்பர்களே, பெற்றோருக்குச் சொல்லவேண்டிய நல்ல வார்த்தை எதுவும் உங்களிடம் மிச்சம் இருந்தால், அதை இன்றிரவு உணவு வேளையிலேயே சொல்லிவிடுங்கள்.