அலமாரியின் சாவி யாரிடம்?

புத்தகத்தை இரவல் கொடுக்க ஆயிரம் முறை யோசிக்கும் இலக்கிய வாசகர், தாம் நேசிக்கும் திரைப்படங்களையும் இசையையும் மட்டும் முன்பின் அறியாத நிறுவனங்களின் பொறுப்பில் விட்டுவிட்டு நிம்மதியாக உறங்குகிறார். அடிக்கோடிட்ட நாவல் ஒன்று கண்ணில் படாவிட்டால் வீட்டையே புரட்டிப்போடுகிறவர், சந்தா கட்டிய தளத்திலிருந்து ஒரு படம் ஓரிரவில் மறைந்தால் "வேறு எங்காவது வந்திருக்கும்" என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார். இந்த முரணைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். நம் கட்சி எளியது. மீண்டும் காண விரும்பும் படமும் மீண்டும் கேட்க விரும்பும் குரலும் நம் வீட்டில், நாமே இயக்கும் ஒரு சிறு கணினியில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் வாடகைக் குடித்தனம்.

மிகைப்படுத்துகிறோம் என்று எண்ணுவோர் சில நிகழ்வுகளை நினைவுகூரட்டும். 2009 ஜூலையில், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் சில மின்பதிப்புகளை அமேசான் அவர்களது கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழித்தது. விற்றவருக்கு உரிமை இருக்கவில்லை என்பது காரணம். பணம் திரும்பியது, நூல் போயிற்று. அழிக்கப்பட்டது எந்த நூல் என்பதிலுள்ள நகைமுரணை இவ்விதழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கப்பட்ட நூல்கள் பணத்தைத் திருப்பித் தந்த கையோடு வாசிக்க முடியாதவையாயின. 2022 டிசம்பரில் 'வெஸ்ட்வேர்ல்ட்' தொடரை எச்.பி.ஓ. தன் சொந்தத் தளத்திலிருந்தே நீக்கியது. 2023 மே மாதம் வெளியிட்ட 'க்ரேட்டர்' படத்தை டிஸ்னி ஏழே வாரத்தில் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. கடைசியில், உரிமத்தை மட்டும் விற்றுவிட்டு அதை வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்குக' என்று பொத்தான் வைக்கக் கூடாதென்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அது 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. சொல்லின் பொருள் திரிக்கப்படுவதை முதலில் கண்டித்திருக்க வேண்டியவர்கள் எழுத்தாளர்களும் வாசகர்களும் அல்லவா?

மாற்று வழி பெருஞ்செலவு கோருவதல்ல. 2005 ஜனவரியில் ஆப்பிள் 'மேக் மினி'யை வெளியிட்ட பிறகு, அதைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துத் தம் படத்தொகுப்பை இயக்கியவர்கள் உண்டு. பின்னர் இன்டெல் 'நக்' என்ற பெயரில் உள்ளங்கை அகலப் பெட்டிகளைக் கொண்டுவந்தது. 2023இல் அத்தொழிலிலிருந்து விலகி, அந்த வரிசையை ஆசுஸ் நிறுவனத்திடம் விட்டது. இன்று பல நிறுவனங்கள் இன்டெல் என்100 செயலி பொருத்திய அத்தகைய பெட்டிகளை விற்கின்றன. வன்தட்டையும் சேர்த்துச் சராசரியாக 15 வாட் என்று வைத்துக்கொண்டாலும், இரவும் பகலும் ஓடினால் ஆண்டுக்கு 131 யூனிட் மின்சாரம் ஆகும். ஓர் எல்.இ.டி. குழல்விளக்கை அணைக்காமலே விட்டால் ஆவதைவிடக் குறைவு. கோப்பு தொலைக்காட்சிக்குப் புரியாத வடிவில் இருந்தால், செயலியிலேயே அமைந்த தனிச் சுற்று அதைப் பார்க்கப் பார்க்க மாற்றித் தருகிறது. புரிகிற வடிவில் இருந்தால் கணினிக்கு அந்த வேலையும் இல்லை. கோப்பை எடுத்து நீட்டினால் போதும்.

ஆனால் பெட்டி வீட்டில் இருந்தால் மட்டும் போதாது. சாவியும் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டு ஊடக வழங்கிகளுக்கான மென்பொருள்களில் பெயர்பெற்றது 'ப்ளெக்ஸ்'. வீட்டுக்கு வெளியே இருந்துகொண்டு நம் வழங்கியிலுள்ள நம் காணொளியைப் பார்க்க, 2025 ஏப்ரல் 29 முதல் அது கட்டணம் கேட்கிறது. படம் நம்முடையது, கணினி நம்முடையது, மின்கட்டணமும் நம்முடையது. சுங்கச்சாவடி மட்டும் அவர்களுடையது. 'எம்பி' என்னும் மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதன் திறந்த நிரலிலிருந்து சிலர் கிளைத்து உருவாக்கியது 'ஜெல்லிஃபின்'. அது கட்டற்ற மென்பொருள். நிறுவனத்திடம் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நம் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. மினுமினுப்பில் அது சற்றுக் குறைவுதான். சிற்றிதழ் படித்து வளர்ந்த நமக்கு அட்டையின் வழவழப்பு எப்போது பெரிதாயிற்று?

இனி மறுப்புகளுக்கு வருவோம். "இதெல்லாம் கணினிக்காரர்களின் வேலை" என்பது முதலாவது. கைப்பிரதியைத் தட்டச்சு செய்து, எழுத்துருக் குழப்பத்தில் மல்லாடி, திஸ்கியிலிருந்து யூனிகோடுக்குத் தம் கதைகளை மாற்றிக்கொண்ட ஒரு தலைமுறை இதைச் சொல்வது வேடிக்கை. ஜெல்லிஃபினை நிறுவ அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. ஒரு விடுமுறைநாள் போதும்.

"இது திருட்டுப் பிரதிகளுக்கு வக்காலத்து" என்பது இரண்டாவது. இல்லை. படைப்பாளிக்குச் சேர வேண்டியதைச் சேர்க்காமல் இறக்கிக்கொள்பவருக்காக நாங்கள் வாதாடவில்லை. காசு கொடுத்து வாங்கிய டிவிடியும் குறுந்தகடும், நாமே செய்த பதிவுகளும், உரிமைக்காலம் முடிந்த படைப்புகளும் தாம் எங்கள் பேச்சின் எல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அமெரிக்காவில் தகட்டின் பூட்டைத் திறப்பது பற்றிய விதிகள் இதைவிடக் கடுமையானவை. அவரவர் வாழும் நாட்டின் சட்டத்தை அவரவர் படித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது மறுப்பு வலுவானது: "வன்தட்டும் ஒரு நாள் சாகும்." சாகும், சந்தேகமேயில்லை. 2003 ஜனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் பற்றிய தீயில் நைட்ரேட் படச்சுருள்கள் எரிந்துபோயின. தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்கோ இன்று பிரதியே கிடைப்பதில்லை. ஓரிடத்தில் மட்டும் இருப்பது எதுவும் பத்திரமாக இல்லை என்பதே இவற்றின் பாடம். ஆகவே பெட்டியில் ஒரு பிரதி, பெட்டியிலிருந்து கழற்றி வைத்த வன்தட்டில் இன்னொன்று, வேறு ஊரிலுள்ள நண்பர் வீட்டில் மூன்றாவது. இந்த ஏற்பாட்டை நாமே செய்ய முடியும். வாடகைத் தளத்தில் இரண்டாம் பிரதி எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

ஆர்வக்கோளாறினரையும் சும்மா விடுவதாயில்லை. பார்க்கவே போகாத ஐயாயிரம் படங்களைக் குவித்துவிட்டு, கொள்ளளவைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர் நூலகர் அல்லர், கிடங்குக்காரர். நூலகம் என்பது தேர்வும் பட்டியலும். 'தேவதாஸ்' என்று மட்டும் பெயரிட்டால் வழங்கி எதைக் கொண்டுவரும்? 1935, 1953, 1955, 2002 என்று அப்பெயரில் பல படங்கள் உள்ளன. ஆண்டைப் பெயரோடு சேர்த்து எழுதி, மொழியையும் இயக்குநரையும் சரிபார்த்து, வசனவரிகளின் கோப்பை அதன் பக்கத்திலேயே வைப்பதற்குப் பொறுமை வேண்டும். தமிழ்ப் படங்களுக்கு இணையத் தரவுத்தளம் தரும் தகவல் பல நேரம் அரைகுறை. திருத்துகிற வேலை நம்முடையது. நல்ல வாசகர் செய்யக்கூடிய வேலையும் அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. உலகத் திரைப்படங்கள் எங்காவது, யாரிடமாவது பிழைத்திருக்கக்கூடும். ஆனால் 1980களிலும் 90களிலும் நம் இலக்கியக் கூட்டங்களில் மேசைமேல் டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிவுசெய்த ஒலிநாடாக்கள் எந்தத் தளத்திலும் இல்லை, வரப்போவதும் இல்லை. அவற்றில் விற்பனைக்கு எதுவும் இல்லை. ஒரு கவிஞர் தம் கவிதையை எந்த இடத்தில் நிறுத்தி வாசித்தார், ஒரு விமர்சகர் கேள்விக்கு எப்படிச் சீறினார் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. நாடாவின் பூச்சு நம் ஊர் ஈரத்தில் பிசுபிசுத்து உதிர்கிறது. ஓட்டிக் காட்டும் கருவிகளும் அருகி வருகின்றன. எங்கள் கூட்டங்களின் பதிவுகளை ஏற்றி வைத்திருந்த ஓர் இலவசத் தளம், ஒருநாள் விளக்கமின்றி எங்கள் கணக்கை மூடியது. மூலப்பதிவுகள் வீட்டுப் பெட்டியில் இருந்ததால் ஒரு நிமிடம்கூட இழக்கவில்லை. எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். குறுந்தகட்டுத் தரத்தில், சுருக்காமல் பதிந்தால் ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 635 மெகாபைட். 4 டெராபைட் வன்தட்டு ஒன்றில் ஆறாயிரம் மணி நேரத்துக்கு மேல் அடங்கும். ஒரு நகரத்தின் இலக்கிய வாழ்வு முழுவதும் அதில் கொள்ளும். இடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இல்லாதது, அறுபது நிமிட நாடாவை மாற்ற அறுபது நிமிடம் உட்கார்ந்திருக்கும் மனம் மட்டுமே. மறைந்த எழுத்தாளருக்கு இரங்கல் கட்டுரை எழுத ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவர் பேசிய நாடா உங்கள் பரணில் இருக்குமானால், கட்டுரையைப் பிறகு எழுதலாம். முதலில் நாடாவை இறக்குங்கள்.