சத்தியம் ஏன் நிற்பதில்லை?



"சாமி மேல் சத்தியம் செய்தார். சம்பளம் போட்ட அன்றே சம்சு போத்தலோடு வந்து நிற்கிறார். எல்லாம் கொழுப்பு!" குளுவாங், சிகாமட் பக்கத் தோட்டங்களில் இப்படி வருந்தும் தாய்மார்கள் இன்றும் உண்டு. கொழுப்பு மட்டுந்தானா காரணம்?

நம் மூளையின் நடுப்பகுதியில் டோபமின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் உள்ளன. பசித்தவன் சோற்றைக் கண்டால் இவை விழித்தெழுந்து, 'இது நல்லது, மறுபடியும் நாடு' என்று மூளைக்குச் சேதி சொல்லும். டோபமினின் வேலையை 1950-களின் பிற்பகுதியில் கண்டறிந்த சுவீடன் அறிஞர் அர்விட் கார்ல்சன், 2000-ல் நோபல் பரிசு பெற்றார்.

போதைப்பொருள் இந்தச் சேதியையே பொய்யாக்குகிறது. டோபமின் அணுக்களை அடக்கி வைக்கும் காவல் அணுக்களை ஹெராயின் தூங்க வைத்துவிடும். சியாபுவோ டோபமினை வெளியே தள்ளி, திரும்ப உள்ளே போகவும் விடாது. சம்சுவில் உள்ள சாராயமும், சிகரெட்டில் உள்ள நிக்கோட்டினும் இதே அணுக்களைத் தூண்டுகின்றன.

நாள்தோறும் வெள்ளம் வந்தால் மூளை சும்மா இருக்குமா? டோபமினை ஏற்கும் வாயில்களைக் குறைத்துக் கொள்கிறது. பிறகு சோறும் ருசிக்காது, பிள்ளையின் சிரிப்பும் இனிக்காது. ஆனால் சம்பள நாள், பழைய கூட்டாளி, கடைவாசல் ஆகியவற்றைக் கண்ட மாத்திரத்தில் ஆசை பொங்கும். சத்தியம் சறுக்குவது இங்கேதான்.

மனம் தளர வேண்டாம். சியாபுவை ஓராண்டு அளவுக்கு விட்டிருந்தவர்களின் மூளையில், குறைந்துபோன டோபமின் கடத்திகள் மீண்டும் பெருகியிருந்ததை 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நினைவாற்றல் மட்டும் அதே அளவுக்குத் தேறவில்லை. ஆகவே, சீக்கிரம் விடுவதே நல்லது.

ஹெராயின் பழக்கத்துக்கு மலேசியாவில் 2005 முதல் மெத்தடோன் சிகிச்சை தரப்படுகிறது. அரசாங்கக் கிளினிக்கில் விசாரியுங்கள். சியாபுவுக்கு அந்த மருந்து உதவாது. மனநல ஆலோசனையும் தொடர் கண்காணிப்புமே வழி. ஏஏடிகே அலுவலகத்தில் தாமாகவே முன்வந்தும் சிகிச்சை கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை: தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் அடைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கை நடுங்கும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் காட்டியே நிறுத்த வேண்டும்.

குடித்தது அவர் தவறுதான். அதற்காக ஏசுவதால் மூளை தேறாது. அடுத்த சம்பள நாளன்று, அவரோடு யாராவது ஒருவர் துணைக்குப் போங்கள்.