வெயில் தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை

பழத்தைக் காய வைத்தால் தண்ணீர்தான் போகும், சுவை அப்படியே இறுகி நிற்கும் என்பது பலரின் உறுதியான நம்பிக்கை. அவிநாசிபாளையம் நால் ரோட்டிலிருந்து கிழக்கே காங்கேயம் பக்கம் போனால், அதற்கான மறுப்பைத் தேங்காய்க் களங்களிலேயே பார்க்கலாம்.

தேங்காயும் தாவரவியல் கணக்கில் கனிதான். பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த தேங்காய்ப் பருப்பில், அதாவது கொப்பரையில், 6 சதவீத அளவுதான். மூன்றில் ஒரு பங்காக இருந்த எண்ணெய், மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிவிடும். இறுகுவது உண்மைதான். ஆனால் இரண்டையும் மென்று பார்த்தால், பச்சைத் தேங்காயின் பால்ருசி பருப்பில் இருக்காது. எளிதில் ஆவியாகும் மணங்கள் தண்ணீரோடு கிளம்பிவிடுகின்றன. தேங்காய்க்கே உரிய வாசம் தரும் லாக்டோன்கள் எண்ணெயில் கரைந்து பெருமளவு தங்கிவிடும். போவதும் நிற்பதும் ஒரே அளவில் இல்லாதபோது, பழைய சுவையே இறுகியது என்று எப்படிச் சொல்வது?

புதிதாக எதுவும் சேராது என்பதும் தவறு. திராட்சையைப் பாருங்கள்: ஏறக்குறைய நாலு கிலோ காய்ந்து ஒரு கிலோ ஆகிறது. நேர் வெயிலில் காயும்போது பழத்தின் நொதிகளும், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து தோலைக் கருக்கும். பாகு காய்ச்சிய மணம் அப்போதுதான் பிறக்கும். மராட்டியத்தின் தாஸ்காவ் பக்கம் குலைகளைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எண்ணெயும் கலந்த கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்துகிறார்கள். சீக்கிரம் காய்கிறது, நிறமும் அவ்வளவாகக் கருப்பதில்லை. சுவையும் வேறு.

எப்படிக் காய்ந்தால் என்ன என்பவர்கள் தேங்காய்க் களத்தில் சற்று நிற்க வேண்டும். உடைத்த மூடிகளை வாய் மேலே பார்க்கப் பரப்புகிறார்கள். இரண்டு மூன்று நாளில் பருப்பு சுருங்கித் தேங்காய்த் தொட்டியை விட்டு விலகும்; அதைத் தோண்டி எடுத்து மறுபடி காயப் போடுவார்கள். இடையில் மழை பிடித்தால் தார்ப்பாய்க்குள் ஈரம் புழுங்கும், பூஞ்சணம் ஏறும். அது எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிட, பருப்பில் காறல் தட்டும். சில பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சையே உண்டாக்கும். அந்தப் பருப்பை மறுபடி எவ்வளவு காய வைத்தாலும் காறலும் போகாது, நஞ்சும் போகாது.

வெள்ளையாக இருந்தால் நல்ல பருப்பு என்பதையும் நம்பி வாங்கக் கூடாது. கந்தகப் புகை போட்டும் வெளுக்க வைக்கலாம். கெட்டுப்போன எண்ணெயை அது சரிசெய்யாது. வெள்ளக்கோவில், அவல்பூந்துறை தேங்காய்ப் பருப்பு ஏலங்களில் முதல் ரகத்துக்கு ஒரு விலை, இரண்டாம் ரகத்துக்கு வேறு விலை. தண்ணீர் இரண்டிலும்தான் போயிருக்கிறது.