ஓய்வு பெற்ற வீரரும் சேனையுடுப்பும்

சேனையில் ஊழியஞ் செய்து ஓய்வு பெற்ற ஒருவர், பின்னர் நிகழும் சடங்குகளிலும் வைபவங்களிலும் தமது பழைய உடுப்பை அணிந்து வரலாமா? இவ்வினா சிறிதெனத் தோன்றினும், பதவி என்பது யாருக்கு உரியது என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியுள்ளது. ஆதலின் இதுபற்றி நமது கருத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

2022-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 8-ஆம் தேதி பிரிட்டிஷ் அரசியார் எலிசபெத் காலஞ் சென்றபொழுது இவ்வினா உலகறிய எழுந்தது. அவருடைய பேரர் ஹாரி பத்து வருஷ காலம் தரைப்படையில் பணியாற்றி, இருமுறை ஆப்கானிஸ்தானத்துப் போர்க்களஞ் சென்று மீண்டவர். ஆயினும் அரச காரியங்களினின்று விலகியிருந்தமையால், 19-ஆம் தேதி நிகழ்ந்த இறுதி ஊர்வலத்தில் அவர் பதக்கங்களை மட்டும் மார்பில் தரித்து, சாதாரண உடையில் நடந்தார். போர்முனையைக் காணாத உறவினர் சிலரோ தங்கள் கௌரவப் பதவிக்குரிய சேனையுடுப்பில் உடன் சென்றனர். 17-ஆம் தேதி மாலை பேரப்பிள்ளைகள் பேழையைச் சூழ்ந்து காவல் நின்ற வேளையில் மாத்திரம் ஹாரி உடுப்பணிய இசைவு பெற்றார். இஃது அநீதி என்று மனம் நொந்தோர் பலர்.

அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றோர் தங்கள் அங்கியை ஆயுள் முழுவதும் அணியலாமென்றால், உயிரைப் பணயம் வைத்தவன் தன் உடுப்பை அணியலாகாதோ என்று அவர்கள் வினவக்கூடும். ஆனால் இவ்விரண்டும் ஒருதன்மைய அல்ல. அங்கி கற்ற கல்வியின் அடையாளம். கல்வி கற்றவனைவிட்டு நீங்குவதில்லை. சேனையுடுப்போ ஆணையின் அடையாளம். அதனைத் தரித்தவன் தனக்குக் கீழுள்ளோரை ஏவும் உரிமையும், மேலுள்ளோருக்குக் கீழ்ப்படியும் கடமையும் உடையவன். ஓய்வு பெற்ற அன்றே அவ்வுரிமையும் கடமையும் அவனை விட்டு நீங்குகின்றன. பதக்கம் அவன் செய்த செயலுக்குக் கிடைத்ததாகலின் அஃது என்றும் அவனுடையது. உடுப்போ சேனையினுடையது.

நம் நாட்டு வழக்கமும் இதனை வலியுறுத்தும். பீல்டு மார்ஷல் பதவி ஆயுட்காலம் முழுவதும் நீங்காத பதவியாம். ஆதலின் நீலகிரியில் வாழ்ந்து 2008-ஆம் வருஷம் மறைந்த மானெக்ஷா முதுமையிலும் அவ்வுடுப்புக்கு உரியவராயிருந்தார். பதவி நீங்காதவரிடத்து உடுப்பும் நீங்கவில்லை என்பதே இதன் பொருள்.

சட்டம் தேசத்திற்குத் தேசம் வேறுபடுகின்றது. அமெரிக்கச் சட்டம் ஓய்வு பெற்ற அதிகாரி தமது பதவிக்குரிய உடுப்பை அணிய இடந்தருகின்றது. பிரிட்டனிலோ 1894-ஆம் வருஷத்து உடுப்புச் சட்டம் சேனையில் இல்லாதார் அனுமதியின்றி அதனை அணிதலைத் தடுக்கின்றது. நம் நாட்டில் 2024-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் அமுலிலுள்ள பாரதீய நியாய சங்கிதை, தன்னைச் சேனாவீரனென்று பிறர் நம்பும்படி அவ்வுடை தரிப்பவனைத் தண்டிக்கின்றது. ஆயினும் சட்டம் இடந்தருவதெல்லாம் தகுதியுடையதாகி விடாது. தகுதியை அறியச் சான்றோர் நடக்கையை நோக்குதல் நலம்.

ஜார்ஜ் வாஷிங்டன் 1758-ஆம் வருஷ முடிவில் வர்ஜீனியாப் படையினின்று விலகினார். ஆயினும் 1772-ஆம் வருஷம் ஓவியர் ஒருவர் தம்மைத் தீட்ட வந்தபோது அப்பழைய உடுப்பையே அணிந்து நின்றார். வீரனுக்குத் தன் உடுப்பின்மேலுள்ள பற்று எத்துணை வலியதென்பது இதனால் விளங்கும். அவரே பின்னர் விடுதலைப்போரை வென்று முடித்து, 1783-ஆம் வருஷம் டிசம்பர் 23-ஆம் தேதி அனபோலிஸ் நகரில் தமது சேனாபதிப் பதவியைக் காங்கிரஸ் சபையாரிடம் ஒப்புவித்தார். 1789-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ஆம் தேதி குடியரசின் முதல் தலைவராகப் பிரமாணஞ் செய்தபொழுது, உள்நாட்டில் நெய்த பழுப்புநிறத் துணியாலான உடையிலேயே வந்து நின்றார். சேனாபதியின் உடுப்பில் வந்திருந்தால் ஜனங்கள் மகிழ்ந்தே இருப்பர். ஆயினும் தாம் ஆளப் புகுவது வாளின் வலியாலன்று என்பதை அவ்வுடையே அனைவர்க்கும் அறிவித்தது.

இதனை வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சேனை எக்கட்சிக்கும் உரியதன்று. நம் தேர்தல் ஆணையம் 2019-ஆம் வருஷப் பொதுத்தேர்தலுக்கு முன், சேனாவீரரின் படங்களைப் பிரசாரத்தில் உபயோகிக்கலாகாதென்று கட்சிகளுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. படத்திற்கே இத்துணை வலிமையிருப்பின், உடுப்பணிந்து மேடையேறும் முதிய அதிகாரி ஒருவரின் சொல் எத்துணைப் பேரை மயக்கும்! அவர் கூறுவது அவர் கருத்தாயினும், கேட்போர் செவியில் அது சேனையின் குரலாகவே ஒலிக்கும்.

இனி, கிராமத்தில் உபகாரச் சம்பளம் பெற்று வாழும் ஏழைச் சிப்பாயின் நிலை என்னவென்று கேட்கலாம். அதிகாரிக்கு வேறு பெருமைகள் பல உண்டு; சிப்பாய்க்கோ பெட்டியில் மடித்து வைத்த அவ்வுடுப்பு ஒன்றே செல்வம். அவன் மறைந்த தோழரின் நினைவு நாளில் அதனை அணிந்து நிற்பானாயின், அதனைக் குறைகூற யாம் மனந்துணியோம். இலண்டனில் இரண்டாம் சார்லஸ் மன்னர் 1682-ஆம் வருஷம் நிறுவிய செல்சி விடுதியில் வாழும் முதிய வீரர்க்கு, விழாக்களில் அணியச் செந்நிற மேலங்கியும் முக்கோணத் தொப்பியும் தனியே உண்டு. அவ்வுடையைக் காண்போர் இவர் ஓய்வு பெற்ற வீரரென உடனே அறிந்து வணங்குவர். இத்தகைய ஏற்பாடொன்று நம் நாட்டிலும் அமைதல் நன்று.

ஆகவே நமது துணிபு இது: ஓய்வு பெற்றவர் உடுப்பணிய விரும்புங்கால், அச்சடங்கிற் செய்யப்படும் மரியாதை யாருக்கு என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும். மாண்ட வீரருக்கோ, தாம் பணிசெய்த படைக்கோ எனின், சட்டம் இசையுமிடத்து அணியலாம். தமக்கே எனின், பதக்கங்கள் போதும். தேசிய மாணவர் படையின் உடுப்பை இன்று உவப்புடன் அணியும் நம் கல்லூரி இளைஞர், அதனைத் தரிக்கும் ஒழுங்கோடு அதனைக் களையும் ஒழுங்கையும் கற்றுக்கொள்வாராக.