காட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது?



ராகி அறுவடைக் காலத்தில் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் யாருக்கும் நிம்மதியான தூக்கம் கிடையாது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி வந்துவிடும். பரணில் காவல், கையில் டார்ச், பட்டாசு என்றே இரவுகள் கழியும். ஆண்டுதோறும் யானையைப் பற்றியே எழுதுகிறோம். இம்முறை அது நடந்து வரும் தரையைக் கொஞ்சம் பார்ப்போம்.

எந்தக் காட்டிலும் ஏதோ ஓர் உயிரினம் அளவிலும் பரப்பிலும் மற்றவற்றை மிஞ்சி நிற்கும். எவ்வளவு வெயில் தரையைத் தொடும், எந்த விதை பிழைக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் அதன் கையில்தான். இதை ஆதிக்க இனம் என்பார்கள். எண்ணிக்கையில் குறைந்திருந்தும் காட்டையே தாங்குகிற உயிர்கள் வேறு வகை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பெய்ன் 1969இல் அவற்றுக்குத் தனிப் பெயர் சூட்டினார். நம் யானை அந்த வகையில் சேரும். அது தின்ற பழங்களின் விதைகள் இலத்தியோடு பல கிலோமீட்டர் தள்ளி விழுந்து முளைக்கின்றன. அது முறித்துப் போட்ட கிளையை மானும் மேய்கிறது.

ஆனால் இன்று நம் காடுகளில் பல இடங்களில் கை ஓங்கியிருப்பது உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்தது. நாற்பட்டைத் தண்டு, அதில் கொக்கி முள், கசக்கினால் மூக்கைத் துளைக்கும் இலை. ஒரே கொத்தில் நடுவே மஞ்சளும் ஓரத்தில் இளஞ்சிவப்புமாகப் பூக்கள். கறுத்துப் பழுத்த காயைக் கொண்டைக்குருவி தின்றுவிட்டு ஊரெல்லாம் விதைக்கிறது. புதருக்கு அடியில் குனிந்து பாருங்கள்: புல்லே இருக்காது. மாடு தின்றால் ஈரல் கெடும். கோடையில் தீ இதன் மேலேறித்தான் மரக்கிளையைப் பிடிக்கிறது. பத்தடி தூரத்தில் நிற்கும் யானையைக்கூட மேய்ச்சலுக்குப் போனவர் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது இந்தப் புதர். அதுதான் எனக்குப் பெரிய அச்சம்.

யானை ராகிக்கு வர உண்ணிச்செடி ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். காட்டுப் புல்லைவிட ராகிக் கதிர் சத்தானது. சாலைகளும் வேலிகளும் யானையின் வழிகளைக் குறுக்கிவிட்டன. ஆனாலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் வேண்டிய உயிருக்குக் காட்டுக்குள் புல் இல்லாமல் போவது சின்ன விஷயமா? 2014இல் இப்பகுதியில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எல்லையை வரைந்தது நல்ல காரியம். உள்ளே எது வளர்கிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

உண்ணிச்செடியை ஒழிக்க வழி இல்லாமல் இல்லை. மேலாக வெட்டினால் இரு மடங்காகத் தழைக்கும். வேரின் தலைப்பகுதியை மண்ணுக்குச் சற்றுக் கீழே அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் மறுபடி துளிர்ப்பது அரிது என்று டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு காட்டினார். அப்படித் திறந்த இடத்தில் உடனே புல் விதைக்க வேண்டும். பின்வரும் ஆண்டுகளிலும் நாற்றுகளைப் பிடுங்கியாக வேண்டும். வெட்டியதும் வீணாவதில்லை: கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் இதே தண்டுகளை வளைத்து ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்கிறார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

தளி, அஞ்செட்டி பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் மாடு மேய்த்த காலத்தில் உங்கள் ஊர்க் காட்டோரத்தில் என்னென்ன புல், என்ன மரம் இருந்தன என்று தமிழோ கன்னடமோ தெலுங்கோ, வாயில் வரும் பெயரிலேயே எழுதி அனுப்புங்கள். எந்தப் புல்லைத் திரும்ப விதைப்பது என்று தீர்மானிக்க அந்தப் பட்டியல் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்